வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்: நள்ளிரவில் வரும் நோயாளி

கடந்த இரண்டு மாதங்களில் இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் மெத்தம்பெட்டமைன், கொக்கெயின் ஆகியவற்றைப் பற்றியவை வழக்கத்தைவிட மிகுதி. நரம்பு மண்டலத்தைத் தூண்டிவிடும் இவ்வகைப் பொருள்களைக் கிளர்வூட்டிகள் என்று குறிப்பிடலாம். இந்த இதழை அக்கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன.

பொறியியல் படிக்கும் என் மகன் மூன்று நாள்கள் தொடர்ந்து உறங்கவில்லை. மின்விசிறிக்குள் யாரோ கேமரா வைத்துவிட்டார்கள் என்று சொல்லி அதைக் கழற்றிப் போட்டான். நள்ளிரவில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். அவன் பையில் கண்ணாடித் துண்டுபோல ஒரு பொருள் இருந்ததை நானும் என் மனைவியும் பார்த்திருந்தோம். போலீஸ் வழக்கு ஆகிவிடுமோ என்று பயந்து, தேர்வுப் பதற்றத்தில் தூக்கம் கெட்டுவிட்டது என்று மட்டும் மருத்துவரிடம் சொன்னேன். அவர் மனநோயின் தொடக்கமாக இருக்கலாம் என்று கூறி மாத்திரை கொடுத்தார். நான் செய்தது தவறா?
– ஒரு தந்தை, தாம்பரம்

தவறுதான், ஐயா. ஆனால் அந்த இடத்தில் நின்ற பெரும்பாலான தந்தையர் இதையேதான் செய்திருப்பார்கள். அதனால் உங்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. அந்த ஒரு தகவல் இல்லாமல் போனதால் மருத்துவரின் கண்ணில் எவையெல்லாம் படாமல் போயிருக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் விவரிக்கும் பொருள் பெரும்பாலும் மெத்தம்பெட்டமைனாக இருக்கும். இளைஞர்கள் இதை மெத், ஐஸ், கிரிஸ்டல் என்கிறார்கள். மூளையில் டோபமைன், நாரட்ரினலின் போன்ற வேதிப்பொருள்களை இது ஒரே நேரத்தில் வெள்ளமாகத் திறந்துவிடுகிறது. உட்கொண்டதில் பாதி உடலைவிட்டு நீங்கவே ஏறத்தாழ பத்து மணி நேரம் ஆகும் என்பதால், ஒருமுறை எடுத்தவருக்கு அன்றிரவு உறக்கம் இருக்காது; மீண்டும் மீண்டும் எடுத்தால் நாள்கணக்கில் இருக்காது. உறக்கமின்மையும் போதைப்பொருளும் சேரும்போது சந்தேகம் முளைக்கிறது. யாரோ பின்தொடர்கிறார்கள், கேமரா வைத்திருக்கிறார்கள், தோலுக்கடியில் பூச்சி ஊர்கிறது என்றெல்லாம் நோயாளி உறுதியாக நம்புகிறார். வெளியிலிருந்து பார்க்கும் மருத்துவருக்கு இது மனச்சிதைவு நோயின் முதல் தாக்குதலைப் போலவே தெரியும். அனுபவம் மிக்க மனநல மருத்துவருக்கும் முதல் நாளில் வேறுபாடு புலப்படாமல் போவதுண்டு.

அந்த இரவு கொடுக்கப்பட்ட மாத்திரை முற்றிலும் பிழை என்று சொல்ல முடியாது, ஏனெனில் இரண்டு நிலைகளிலும் அதே வகை மாத்திரைகள் பயன்படுகின்றன. உண்மையைச் சொல்லியிருந்தால், மருத்துவர் உடலின் வெப்பநிலையையும் நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் விடியும்வரை திரும்பத் திரும்பப் பார்த்திருப்பார், ஈ.சி.ஜி. எடுத்திருப்பார், சிறுநீரகம் பாதிக்கப்பட்டுள்ளதா என்று இரத்தத்தில் பார்த்திருப்பார், சிறுநீர்ப் பரிசோதனையும் செய்திருப்பார். இந்தப் பொருள் சிறுநீரில் பொதுவாக இரண்டு முதல் நான்கு நாள்கள் வரைதான் தெரியும். அதன்பின் பரிசோதித்துப் பயனில்லை. மேலும், போதைப்பொருளால் வந்த மனக்குழப்பம் அதை நிறுத்திய சில நாள்களிலோ ஓரிரு வாரங்களிலோ பெரும்பாலும் தணிந்துவிடும். ஒரு மாதம் கடந்தும் நீடித்தால்தான் வேறு நோயைத் தேட வேண்டும். காரணம் தெரியாத மருத்துவர் உங்கள் மகனுக்கு ஆண்டுக்கணக்கில் மாத்திரை எழுதிக்கொண்டிருக்கலாம். அதே வேளையில், மெத் உள்ளிட்ட ஆம்பெட்டமைன் வகையால் மனக்குழப்பம் அடைந்தவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்குப் பிற்காலத்தில் மனச்சிதைவு நோய் உறுதியாகிறது என்பதால், குணமாகிவிட்டான் என்று தொடர் பரிசோதனையை விட்டுவிடவும் கூடாது.

இனி போலீஸ் பற்றிய அச்சம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் போதைப்பொருள் பயன்பாட்டால் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. அச்சட்டத்தின் 23ஆம் பிரிவு நோயாளியின் தகவல்களை இரகசியமாகக் காக்கும் உரிமையை அளிக்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ என்ற பிரிவு உண்டு. பயன்படுத்தியதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட அடிமை நோயாளி, அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால், அவர்மீது வழக்குத் தொடரப்படாது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் இந்த விலக்கு விலக்கிக்கொள்ளப்படலாம். மெத்தம்பெட்டமைனுக்குச் சிறு அளவு என்பது 2 கிராம். நினைவிழந்த நிலையிலோ காயத்துடனோ ஒருவரைக் கொண்டுவந்தால் மருத்துவமனை அதைச் சட்ட மருத்துவப் பதிவாகக் குறித்துக் காவல் நிலையத்துக்குத் தெரிவிப்பது வழக்கம் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அந்தப் பதிவு குற்றப்பத்திரிகை ஆகாது. பையில் இருந்த பொருளை மருத்துவரிடம் எடுத்துச் செல்லத் தேவையில்லை. எப்படி இருந்தது என்று வாயால் சொன்னால் போதும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, முதல் வாக்கியமாகவே இதைச் சொல்லிவிடுங்கள்.

தென்மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். இத்தகைய நோயாளி ஒருவர் வந்தால் அந்த இரவு முழுவதும் வார்டே முடங்கிப்போகிறது. ஆனால் மாத இறுதியில் கணக்கெடுத்தால் போதைப்பொருள் என்ற தலைப்பின்கீழ் இரண்டு பேர்கூட இருப்பதில்லை. எங்களுக்கு மட்டும்தான் இப்படித் தோன்றுகிறதா?
– பெயர் வேண்டாம் என்று எழுதியவர்

உங்களுக்கு மட்டும் அல்ல, சகோதரி. உங்கள் கேள்வியின் பின்பாதியை நம் சுகாதாரத் துறையினர் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இந்த நோயாளிகள் பதிவேட்டில் நெஞ்சுவலி என்றும், அடிதடிக் காயம் என்றும், தற்கொலை முயற்சி என்றும், இருசக்கர வாகன விபத்து என்றும்தான் பதிவாகிறார்கள். கேட்காத கேள்விக்குப் பதிவேட்டில் பதில் இருக்காது. கேட்டாலும் கூட வந்தவர்கள் மேலே எழுதியிருக்கும் தந்தையைப் போலத்தான் பதில் சொல்வார்கள். எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வில், 10 முதல் 75 வயது வரையிலானவர்களில் மதுவை 14.6 விழுக்காட்டினரும் ஓபியம் வகைப் பொருள்களை 2.06 விழுக்காட்டினரும் பயன்படுத்துகிறார்கள் என்றும், ஆம்பெட்டமைன் வகையைப் பயன்படுத்துவோர் 0.18 விழுக்காட்டினரே என்றும் காணப்பட்டது. அந்தச் சிறிய எண்ணைப் பார்த்துப் பலர் நிம்மதியடைந்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு கடலில் வந்த சரக்கைப் பாருங்கள்: 2023 மே மாதம் கொச்சிக்கு அப்பால் ஏறத்தாழ 2,500 கிலோ மெத்தம்பெட்டமைன் பிடிபட்டது, 2024 நவம்பரில் அந்தமான் கடலில் மியான்மர் படகு ஒன்றில் ஐந்தரை டன் அளவுக்குப் பிடிபட்டது. இவை அனைத்தும் நமக்காக வந்தவை என்று சொல்லிவிட முடியாது. இருந்தாலும், கப்பல் போகும் வழியில் இருக்கும் ஊருக்குச் சரக்கும் கொஞ்சம் சிந்தும்.

ஆஸ்திரேலியாவில் 2016 முதல் கழிவுநீரைப் பரிசோதித்து, எந்த வட்டாரத்தில் எவ்வளவு மெத்தம்பெட்டமைன் பயன்படுகிறது என்று தொடர்ந்து அளந்து வெளியிடுகிறார்கள். யாரிடமும் வாய்மொழியாகக் கேட்க வேண்டியதில்லை. சாக்கடை பொய் சொல்லாது. கோவிட் காலத்தில் நம் ஊர்களிலும் கழிவுநீரில் வைரஸைத் தேடிய அனுபவம் இருக்கிறது என்பதால், இது நமக்கு எட்டாத வித்தை அல்ல.

இனி வார்டு ஏன் முடங்குகிறது என்பதற்கு வருவோம். ஹெராயின் அளவு மீறி மூச்சு ஒடுங்கி வருபவருக்கு நலோக்சோன் என்ற முறிமருந்து உண்டு. ஊசி போட்டுச் சில நிமிடங்களில் கண் திறப்பார். கிளர்வூட்டிகளுக்கு அத்தகைய முறிமருந்து இல்லை. லோராசெபாம், டயாசெபாம், மிடாசோலாம் போன்ற அமைதிப்படுத்தும் மருந்துகளைக் கொடுத்து, உடலைக் குளிர்வித்து, நரம்பு வழியாக நீர் ஏற்றி, போதைப்பொருளின் வேகம் அடங்கும்வரை பக்கத்தில் இருந்து பார்ப்பது ஒன்றே வழி. அதற்கு மணிக்கணக்கில் ஆள் வேண்டும்; நம் அவசரப் பிரிவுகளில் இல்லாததும் ஆள்தான். ஆகவே நான்கு பேர் சேர்ந்து கட்டிலில் கட்டிவைக்கிறோம். கட்டப்பட்டவர் திமிறுகிறார், திமிறத் திமிற உடல் வெப்பம் ஏறுகிறது, தசைகள் சிதைகின்றன, சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தை அடைக்கிறது. உடல்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது உயிர் போகும் நிலை. கட்டுவதைத் தவிர்க்க முடியாத நேரங்களும் உண்டு. அப்போது குப்புறப் படுக்கவைக்காதீர்கள், ஊசி வேலை செய்ததும் கட்டை அவிழ்த்துவிடுங்கள், வெப்பமானியை மட்டும் மறக்காதீர்கள். கத்திக்கொண்டிருந்த நோயாளி திடீரென்று அமைதியாகிவிட்டால் நிம்மதியடைய வேண்டாம்; ஓடிப்போய்ப் பாருங்கள்.

மெல்பர்னில் ஒரு பெரிய மருத்துவமனை 2016இல் இத்தகைய நோயாளிகளுக்கென்று அவசரப் பிரிவை ஒட்டித் தனியாக ஒரு சிறு பிரிவைத் தொடங்கியது. வெளிச்சமும் சத்தமும் குறைந்த அறைகள், மனநலம் அறிந்த செவிலியர்கள், ஓரிரு நாள்களுக்கு மேற்படாத தங்கல் என்பதே அதன் அமைப்பு. அங்கே நோயாளிகள் காத்திருக்கும் நேரம் குறைந்தது, கட்டிவைப்பதும் குறைந்தது. சிட்னியிலும் 2020இல் இவ்வாறு ஒன்று திறக்கப்பட்டது. நம் மாவட்ட மருத்துவமனைகளில் அவ்வளவு பெரிய ஏற்பாடு உடனே வராது. ஆயினும் ஓரமாக ஓர் அறை, அதில் மங்கலான விளக்கு, உரத்துப் பேசாத ஓர் ஆள் என்ற அளவில் தொடங்குவதற்கு எந்த அரசாணைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

எங்கள் பகுதியில் முன்பு ஹெரோயின்தான் பேச்சாக இருந்தது. இப்போது பாடசாலையை விட்டு இடைவிலகிய பிள்ளைகளிடம் ஐஸ் பரவியிருக்கிறது. வைத்தியசாலைக்குக் கொண்டுபோனால் இதற்கென்று மாற்று மருந்து எதுவும் இல்லை என்கிறார்கள். ஹெரோயினுக்கு இருக்கிற மருந்து ஐஸுக்கு ஏன் இல்லை?
– ஓர் ஆசிரியை, வவுனியா

ஹெராயின் மூளையில் ஒரு குறிப்பிட்ட பூட்டில் போய்ப் பொருந்தும் சாவியைப் போன்றது. அதே பூட்டில் மெதுவாகப் பொருந்தும் வேறு சாவிகளாக மெத்தடோனையும் புப்ரெனார்பினையும் மருத்துவ உலகம் கண்டுபிடித்தது. மெத்தம்பெட்டமைனுக்கு அப்படி ஒற்றைப் பூட்டு இல்லை. பல வேதிப்பொருள்களின் மதகுகளை அது ஒரே நேரத்தில் திறந்துவிடுகிறது. 2021 ஜனவரியில் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வில், நால்ட்ரெக்சோன் ஊசியையும் புப்ரோபியான் மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்தபோது 13.6 விழுக்காட்டினரிடம் பலன் தெரிந்தது. வெற்று மருந்து பெற்றவர்களில் அது 2.5 விழுக்காடு. பலன் உண்மையானது, ஆனால் சிறியது.

இன்று இருப்பவற்றுள் மிகச் சிறந்த சிகிச்சை ஒரு மருந்தே அல்ல. சிறுநீர்ப் பரிசோதனையில் போதைப்பொருள் இல்லை என்று தெரிந்தால் ஒரு சிறு பரிசுச் சீட்டு, அடுத்த முறையும் இல்லையென்றால் சற்றுப் பெரிய சீட்டு என்று தொடர்ந்து வாரக்கணக்கில் ஊக்குவிக்கும் முறை அது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகள் இதை 2011 முதல் நடத்துகின்றன. போதையில் இருந்தவனுக்குப் பரிசா என்று கேட்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. பலன் இருக்கிறது என்பதே அவர்களுக்கு என் பதில்.

உங்கள் நாட்டின் நிலைமை கூடுதலாகக் கடினம். 2022இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி 5 கிராமும் அதற்கு மேலும் ஐஸ் வைத்திருந்தால் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்க இடமுண்டு. அதே ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் வைத்தியசாலைகளில் மருந்துகள் தீர்ந்தன, வைத்தியர்கள் பலர் நாட்டைவிட்டுப் போனார்கள். தண்டனை கூடியதும் வைத்தியம் குறைந்ததும் ஒரே காலத்தில் நடந்தன. அதே ஆண்டு ஜூன் மாதம் கந்தக்காடு புனர்வாழ்வு நிலையத்தில் மோதல் மூண்டு நூற்றுக்கணக்கானோர் தப்பியோடியதை நீங்கள் செய்திகளில் வாசித்திருப்பீர்கள். கட்டாயமாக அடைத்துவைப்பதைச் சிகிச்சை என்று அழைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பிள்ளைகளின் பெற்றோரிடம் அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற எண்ணைக் கொடுங்கள். இடைவிலகிய பிள்ளையை மீண்டும் வகுப்புக்கோ ஒரு தொழிற்பயிற்சிக்கோ கொண்டுவர உங்களால் முடிந்தால், அந்தப் பரிசுச் சீட்டு செய்யும் வேலையின் ஒரு பகுதியை நீங்களும் செய்தவர் ஆவீர்கள்.

வயது 27. மென்பொருள் துறையில் வேலை. வார இறுதி விருந்துகளில் மட்டும், மதுவோடு சேர்த்து, கொக்கெயின் எடுப்பதுண்டு. சென்ற மாதம் நெஞ்சு இறுக்கமாக இருந்தது. ஈ.சி.ஜி. சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். பயப்பட வேண்டுமா?
– கோயம்புத்தூர் வாசகர்

ஆம். 1999இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, கொக்கெயின் எடுத்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு 24 மடங்காகிறது என்று கண்டது. வார இறுதியில் மட்டும் என்பது இதயத்துக்குத் தெரியாது. மது சேரும்போது கல்லீரலில் கோக்கெத்திலீன் என்ற மற்றொரு நச்சுப்பொருள் உருவாகி, உடலில் இன்னும் அதிக நேரம் தங்குகிறது. ஒருமுறை எடுத்த ஈ.சி.ஜி. சரியாக இருந்தது என்றால் அந்த ஒரு நிமிடம் சரியாக இருந்தது என்று மட்டுமே பொருள். கொக்கெயின் எடுத்ததை அங்கே சொன்னீர்களா என்பதை எழுதவில்லை. சொல்லியிருக்க வேண்டியது மிக அவசியம், ஏனெனில் நெஞ்சுவலிக்கு வழக்கமாகத் தரும் பீட்டா பிளாக்கர் வகை மருந்தைக் கொக்கெயின் எடுத்தவருக்கு அந்த நேரத்தில் கொடுப்பதைத் தவிர்ப்பார்கள். ஓர் இதய மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொல்லி எக்கோ பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மீண்டும் நெஞ்சு இறுகினால் 108ஐ அழையுங்கள். நீங்களே வாகனம் ஓட்டிச் செல்லாதீர்கள்.

மருந்துக்கடை வைத்திருக்கிறேன். போதை மாத்திரை என்று நாளிதழ்களில் வருவதும் இதுவும் ஒன்றா? ஜலதோஷ மாத்திரையிலிருந்து மெத் தயாரிக்கலாம் என்கிறார்களே, உண்மையா?
– மதுரை வாசகர்

ஒன்றல்ல. நம் நாளிதழ்கள் போதை மாத்திரை என்று எழுதுவது பெரும்பாலும் டேபென்டடால் போன்ற வலி மாத்திரைகளையும் நைட்ரசெபாம் போன்ற தூக்க மாத்திரைகளையும்தான். அவை நரம்பு மண்டலத்தை மந்தப்படுத்துபவை. மெத் அதற்கு நேர் எதிரானது. அவசரப் பிரிவில் இரண்டுக்கும் சிகிச்சை வேறு வேறு என்பதால், பெயரைக் கலந்து எழுதுவது தீங்கானது. இரண்டாவது கேள்விக்கு, ஆம் என்பதே பதில். ஜப்பானிய வேதியியலாளர் நாகாய் நாகயோஷி 1893இல் எபெட்ரினிலிருந்துதான் மெத்தம்பெட்டமைனை முதன்முதலில் உருவாக்கினார். எபெட்ரினும் சூடோஎபெட்ரினும் நம் சட்டப்படி கட்டுப்படுத்தப்பட்ட பொருள்கள். முன்பின் தெரியாத ஒருவர் ஒரே ஜலதோஷ மாத்திரையைப் பெட்டி பெட்டியாகக் கேட்டால், இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு மருந்து ஆய்வாளருக்குத் தெரிவியுங்கள்.

தானே தேடிக்கொண்ட நோய்க்கு அரசு மருத்துவமனையின் படுக்கையையும் பணத்தையும் செலவிடுவது நியாயமா? ஜப்பானைப்போலக் கடுமையாக இருந்தால் இந்தத் தொல்லை இராதல்லவா?
– ஓய்வுபெற்ற அதிகாரி, திருச்சி

தலைக்கவசம் அணியாமல் விழுந்தவரையும் முப்பது ஆண்டுகள் பீடி குடித்தவரையும் இதே படுக்கையில்தான் படுக்கவைக்கிறோம். அவர்களைப் பற்றி இந்தக் கேள்வி வருவதில்லை. வாசலில் திருப்பி அனுப்பினாலும் செலவு மிச்சமாகாது, ஐயா. மெத் தொடர்ந்து எடுப்பவரின் இதயத் தசை தளர்ந்து வீங்குகிறது. தொடக்கத்திலேயே நிறுத்தினால் அது பெருமளவு மீளக்கூடும். அன்று திருப்பி அனுப்பப்பட்டவர் சில ஆண்டுகள் கழித்து இதயச் செயலிழப்போடு தீவிர சிகிச்சைப் பிரிவில் வந்து படுக்கும்போது, ஒரு நாளில் ஆகும் செலவு முன்பு மறுத்த முழுச் சிகிச்சையைவிடக் கூடும்.

ஜப்பானின் கதையை முழுதாகப் பார்க்க வேண்டும். அங்கே இந்தப் பொருள் 1941 முதல் ஹிரோபான் என்ற பெயரில் கடையில் விற்கப்பட்டது. களைப்பு நீக்கும் மருந்தாகத் தொழிலாளர்களும் படைவீரர்களும் உட்கொண்டார்கள். போர் முடிந்ததும் படையின் கையிருப்பு சந்தைக்கு வந்தது. 1951இல் தனிச்சட்டம் வந்தது. 1954இல் ஒரே ஆண்டில் 55,000க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். கைதோடு நின்றுவிடாமல் மனநலச் சட்டத்தையும் திருத்தி மருத்துவமனைகளைத் திறந்துவிட்டார்கள், நாட்டின் பொருளாதாரமும் நிமிர்ந்தது. அலை அடங்கியது; 1970களில் மீண்டும் எழுந்தது. அதன்பின்னும் பல பத்தாண்டுகள் ஜப்பானில் முதன்மையான போதைப்பொருள் வழக்கு இதுவாகவே இருந்தது. கடுமை மட்டும் போதுமானதாக இருந்திருந்தால் அங்கே எப்போதோ தீர்ந்திருக்க வேண்டும்.

என் கணவர் மெத்தை நிறுத்திவிட்டதாகச் சொல்கிறார். நேற்று முன்தினத்திலிருந்து தூங்கிக்கொண்டே இருக்கிறார். எழுப்பலாமா? நான் என்ன செய்ய வேண்டும்?
– சென்னை வாசகி

தூங்கட்டும், அம்மா. பல நாள் உறக்கத்தை உடல் ஈடுசெய்கிறது. ஓரிரு நாள்களோ மூன்று நாள்களோகூட நீளலாம். ஆனால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பெயர் சொல்லி அழைத்துப் பாருங்கள். முனகலாகவாவது பதில் வர வேண்டும், மூச்சு சீராக இருக்க வேண்டும், உதடு நீலம் பாயக் கூடாது. இவற்றில் ஒன்று தவறினாலும் 108 அழையுங்கள். மெத்தோடு வேறு மாத்திரை எதையும் கலந்திருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் காத்திருக்கவே வேண்டாம். விழிக்கும் நேரங்களில் கஞ்சியோ பழச்சாறோ கொடுங்கள். பசி மிகுதியாக இருக்கும்.

கண் விழித்த பிறகு வரும் நாள்கள்தான் கடினமானவை. எதிலும் நாட்டம் இல்லாத ஒரு வெறுமையும் எரிச்சலும் வாரக்கணக்கில் நீடிக்கும்; சிலருக்குச் சாக வேண்டும் என்ற எண்ணம் வரும். அப்படி ஏதும் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. வீட்டில் உள்ள மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் அப்புறப்படுத்துங்கள். இரவு எந்நேரமும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழில் பேசலாம். போதை மீட்புக்கென்று 14446 என்ற தேசிய உதவி எண்ணும் உண்டு. இந்த வாரத்துக்குள் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் புறநோயாளிச் சீட்டு வாங்கிவிடுங்கள். அவரோடு நீங்களும் உள்ளே சென்று, கடைசியாக எந்த நாளில் எவ்வளவு எடுத்தார் என்பதைத் தெரிந்தவரை ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள்.